கத்திரி முடியட்டும்

கொண்டாம்பட்டில் கத்திரி வெயில் முடிவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. பஞ்சாங்கத்தில் மட்டும் அது சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசியில் ஒழுங்காக முடிந்துகொண்டிருந்தது. ஊருக்குள் அது ஆடியைத் தாண்டி, ஆவணியைத் தாண்டி, தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையை விடிவதற்குள் வேர்வையில் நனைத்து, மார்கழி மாதம் கோலம் போட வாசலுக்கு வந்த பெண்களைக் குடையோடு வரவைத்து, பொங்கல் பானையை அடுப்பு இல்லாமலே பொங்கவைத்துவிடும் போல நின்று, அப்படியே அடுத்த சித்திரையில் போய் ஒட்டிக்கொண்டது. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், எங்கள் ஊரில் எதையாவது தள்ளிப்போட வேண்டுமென்றால் இன்னமும் "கத்திரி முடியட்டும்" என்றுதான் சொன்னார்கள். கேட்டவர்களும் சரியென்று தலையாட்டினார்கள்.

ஏசி என்ற பெட்டி எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கியது, அதில் புறா முட்டையிட்டது. கரண்டு ஒரு நாளைக்கு ஒருமுறை, வீட்டுக்கு வந்துவிட்டு உட்காராமல் போகிற சம்பந்தியைப் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒவ்வொரு வருஷமும் வெயில் சிலரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் கைக்குழந்தைகளையும், வாயைத் திறந்து தண்ணீர் கேட்காத பெண்களையும்.

அந்த ஊரில்தான் வயதானவர்கள் குளிர ஆரம்பித்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தவை தெருநாய்கள். மூடிக்கிடந்த ஷூ கம்பெனிக்குப் பின்னால் 'கருணைச் சோலை' என்று ஒரு முதியோர் இல்லம் இருந்தது. பெயரில்தான் சோலை, உள்ளே ஒரு முருங்கைகூடக் கிடையாது. ஊரிலிருந்த நாய்கள் எல்லாம் அதன் சுவரை ஒட்டி, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, சொகுசாகப் படுத்திருந்தன. பிறகு காகங்கள் வந்தன. பிறகு அங்கே காலையில் உறை ஊற்றிய தயிர் சாயங்காலம்வரை புளிக்கவில்லை என்று சமையல்காரம்மா சொன்னாள். அதற்கப்புறம்தான் மனிதர்கள் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். அறுபதைத் தொட்ட ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும், மண்பானையிலிருந்து வருவது போல ஒரு குளிர்ச்சி வந்துகொண்டிருந்தது. வயது ஏற ஏறக் குளிர்ச்சியும் ஏறியது. எண்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஒரு கூடம் முழுக்க ஈரத்துணி உலராது.

டாக்டர்கள் வந்தார்கள், கண்ணாடிக் குழலை அவர்கள் நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள், குழப்பமாகப் போனார்கள். காரணம் என்னவென்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற வழக்கம்தான் உண்டு. அப்படித்தான் ஓடினார்கள். அப்பாவை விட்டுவிட்டுப் பல வருஷம் எட்டிப் பார்க்காதவர்களும், அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும், கருணைச் சோலை வாசலில் ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தினார்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு தாயின் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சண்டை போட்டார்கள். அந்தக் கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தன்மேல் இத்தனை பாசமா என்று அழுதாள் பாவம்.

லோகேஷும் அன்று போனான். அவனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முந்தின வருஷ வெயில் அவன் மனைவியைக் கொண்டுபோயிருந்தது. சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, கடுகு வெடித்து முடிவதற்குள் போய்விட்டாள். மகள் நேத்ரா முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள், மருமகன் கப்பலில் வேலை. பிறக்கப்போகிற குழந்தையை இந்த வெயிலுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவன் கூட்டிவரப் போனது ஹேமலதா அத்தையை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஹேமலதா அத்தை அவன் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதே ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் மெஷினில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் பனியில் போட்டுக்கொள்ளும் பூட்ஸுக்கு உள்ளே கம்பளி வைத்துத் தைத்தவள். தாயில்லாத லோகேஷை வளர்த்தது அவள்தான். சின்ன வயதில் அவனுக்கு அடிக்கடி குளிர்ஜுரம் வரும். பல் கிட்டித்து நடுங்குகிற பையனைத் தன் புடவைக்குள் சுற்றி, மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், இளவெயிலில் மடியில் போட்டுக்கொண்டு, முதுகைத் தேய்த்துத் தேய்த்து, "போயிடும் கண்ணு, வெயிலு பட்டா எல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த அத்தைக்கு மூட்டுவலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, வீடு சின்னதாக இருக்கிறது என்று சொல்லிக் கருணைச் சோலையில் கொண்டுபோய்விட்டான். மாடியில் இரண்டு அறை சும்மா கிடந்தது.

இப்போது அவன் போய் நின்றபோது அத்தை இல்லத்தின் முற்றத்தில், உச்சிவெயிலில், கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் சிநேகிதி பஷீரா, அதே மாதிரி கால்களை நீட்டிக்கொண்டு. இரண்டு பேரும் ஒரு பித்தளைத் தட்டில் வைத்த வறுகடலையைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

"வெயில்ல இன்னாத்துக்கு அத்த ஒக்காந்திருக்க? மண்டை பொளந்துடப் போவுது."

"எங்களுக்கு வெயிலு வேணும்டா. எலும்புக்குள்ள மார்கழி மாசம் பூந்துகிட்டு இருக்குது. இங்க ஒக்காந்தாதான் கொஞ்சம் தாங்குது" என்றாள் அத்தை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏன்டா எளச்சுட்ட?"

அவன் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நிஜமான பாசத்தோடுதான் பிடித்தான். அவன் கெட்டவன் இல்லை, எங்கள் ஊரில் யாருமே கெட்டவர்கள் இல்லை. "வீட்டுக்கு வா அத்த. நேத்ராவுக்குக் கொழந்தை பொறக்கப் போவுது. உன்ன வெச்சு நான் பாத்துக்கறன்" என்றான். அத்தை பித்தளைத் தட்டை பஷீராவின் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி எழுந்தாள்.

பிறகு ஊர் இந்த அதிசயத்துக்குப் பழகிய விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்யாணத் தரகர்கள் முன்பெல்லாம் பெண் வீட்டாரிடம் "மாப்பிள்ளை வீட்டுல பெரியவங்கன்னு யாரும் இல்லீங்க, பொண்ணுக்குப் பிக்கல் பிடுங்கல் கெடையாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இப்போது குரலை உயர்த்தி, "மூணு பெரியவங்க இருக்காங்க, ஒருத்தருக்குத் தொண்ணூறு" என்றார்கள். தாலுகா ஆபீஸில் தாசில்தாரின் மேஜைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் உட்காரவைக்கப்பட்டார்கள். பரீட்சை ஹாலில் வரிசைக்கு ஒருவர். ஆதரவற்ற முதியவர்களை நகராட்சி எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் மேடை கட்டி, அதன்மேல் நாற்காலி போட்டு உட்காரவைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவர்களைச் சுற்றி நின்று செல்போன் பார்த்தார்கள், அவர்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பெரியவர்கள் காலில் விழுவது என்ற பழக்கம் எங்கள் ஊரில் ஏறக்குறைய ஒழிந்திருந்தது. அது திரும்பி வந்தது. காலையில் ஆபீஸ் போகிறவன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பால்காரன், கேபிள்காரன் எல்லாரும் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பாதத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முதுகு வேர்வை அடங்கும்வரை கிடந்தார்கள். நம் பண்பாடு மீண்டுவிட்டது என்று பட்டிமன்றத்தில் பேசினார்கள், கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பட்டிமன்ற மேடையிலும் நடுவருக்குப் பின்னால் ஒரு பாட்டனார் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பல் கிட்டிக்கும் சத்தம் மைக்கில் கேட்டது, ஒலிபெருக்கிக்காரன் வந்து மைக்கைத் தள்ளிவைத்தான்.

ஏனென்றால் ஒன்றை எல்லாரும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். குளிர்ந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்தால் குளிர்ச்சி போய்விடும், திரும்ப வர ஒரு முழுநாள் ஆகும். போர்வை போர்த்தினாலும் அப்படித்தான், குளிர்ச்சி வெளியே வராது. ஆகவே வெயில் கூடாது, போர்வை கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தானாகவே நடைமுறைக்கு வந்துவிட்டது, சாப்பிட்ட கையைக் கழுவுவது மாதிரி.

ஹேமலதா அத்தையைக் கூடத்தின் நடுவில், எல்லா அறைக் கதவுகளுக்கும் நேராக, ஒரு பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, தலைக்கு எண்ணெய். வெந்நீர் மட்டும் கொடுப்பதில்லை. நேத்ராவுக்கு அந்தக் கூடத்தில்தான் இடுப்புவலி எடுத்தது, அந்தக் கூடத்துக்குத்தான் குழந்தையும் வந்தது. அந்தத் தெருவில் அந்த வருஷம் பிறந்த குழந்தைகளில் வயதானவர் இல்லாத வீட்டில் பிறந்த ஒரு குழந்தை மட்டும் தங்கவில்லை. அது எல்லார் மனதிலும் இருந்தது. அத்தையின் மனதிலும் இருந்தது.

குழந்தைக்குச் சூடு ஏறி அது சிணுங்கத் தொடங்கும்போது நேத்ரா கொண்டுவந்து அத்தையின் மடியில் போடுவாள். நாள் முழுக்க அத்தை காத்திருப்பது அந்த ஒரு நேரத்துக்காகத்தான். அந்த வீட்டில் அவளைத் தொடுகிற ஒரே சூடு அதுதான். பிடித்துக்கொள்வாள். இரண்டு கையாலும், புறங்கையில் நரம்பு புடைக்க, குழந்தையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். அதன் காய்ச்சல் அடிக்கிற மாதிரியான சூடு அவள் வயிற்றுக்குள் இறங்கி, விலாவுக்கு ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோளுக்கு வரும். தோளுக்கு வருகிற சமயம் பார்த்து நேத்ரா வந்து நிற்பாள். "போதும் பாட்டி, குடு. சளி புடிச்சிடும்" என்று வாங்கிக்கொண்டு போவாள். அத்தையின் கைகள் கொஞ்ச நேரம் அந்த வளைவிலேயே நிற்கும்.

"லோகேசு" என்று அவள் கேட்பாள். "ஒரே ஒரு மணி நேரம் மாடிக்குக் கூட்டிட்டுப் போடா. யாரையாவது புடிச்சுத் தூக்கியாவது கொண்டுபோய் விடு. வெயில்ல கொஞ்சம் ஒக்காந்துட்டு வந்துடறன்."

"கொழந்தை இருக்குதில்ல அத்த. ஒரு நாள் முழுக்க அது இன்னா பண்ணும்?"

"பக்கத்து வூட்ல ஒரு நாளு விட முடியாதா?"

"அவங்க வூட்டுத் தாத்தாவச் சுத்தி ஏற்கெனவே பத்து பேரு ஒக்காந்திருக்காங்க. கத்திரி முடியட்டும் அத்த. நானே ஒன்ன தூக்கிட்டுப் போறன்."

அவள் தலையாட்டுவாள். குழந்தை என்று சொன்ன பிறகு அவளால் மேலே பேச முடியாது. அது அவனுக்கும் தெரியும், அதனால்தான் எப்போதும் முதலில் அதைச் சொன்னான்.

பஷீரா இப்படித் தலையாட்டுகிறவள் இல்லை. அவளுடைய பிள்ளைகள் அவளைத் தங்கள் துணிக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு நாள் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் அவள் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் போலவே வெளியே நடந்து, பாலாற்றில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆற்றில் தண்ணீர் எந்தக் காலத்திலோ போய்விட்டது, மணல் மட்டும் அப்பளம் பொரிகிற சூட்டில் கிடந்தது. அந்த மணலில் மல்லாந்து படுத்து, கைகால்களை விரித்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்தாளாம். தேடிப்போனவர்கள் அந்தச் சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அவளைத் தூக்கி வந்தபோது தெருவில் நின்றவர்கள் எல்லாம் திட்டினார்கள். "இத்தனை வயசாகியும் இவ்ளோ சுயநலமா?" என்று கேட்டாள் ஒருத்தி. அவள் இடுப்பில் வேர்க்குரு போட்ட குழந்தை இருந்தது. பஷீரா முகத்தை வெயிலுக்கு நேராக நிமிர்த்திக்கொண்டாள். அவள் முகம் சிவந்து, சூடாக, அழகாக இருந்தது. அதற்குப் பிறகு அவளைக் கடைக்குள் உள்ளறையில் வைத்தார்கள். அடுத்த மாதமே கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி கேட்டு ஹேமலதா அத்தை அழவில்லை. "நாங்க அந்த இல்லத்துல இருந்தப்ப யாரும் எங்கள கவனிக்கல லோகேசு" என்றாள். "அதனால வெயில்ல ஒக்காந்திருந்தோம்." அவன் அதைக் கேட்டான், எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நகராட்சியில் முதியோருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வார்டிலேயே அதிகக் குளிர்ச்சி தருபவர் என்று ஹேமலதா அத்தையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சேர்மன் அவளை "நம் வார்டின் பொக்கிஷம்" என்று சொல்லி, தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். சரிகை போட்ட மட்டமான பட்டு, ஆனால் துணி துணிதானே. அத்தை அதன் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்து, கழுத்துவரை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். போட்டோ எடுத்து முடித்த பிறகும் விடவில்லை. அடுத்தவருக்குப் போர்த்தப் பொன்னாடை பற்றாமல், முதலில் போர்த்தியவரிடம் வாங்கியே அடுத்தவருக்குப் போர்த்துவது எங்கள் ஊர் மேடைகளில் சகஜம். சேர்மன் சிரித்துக்கொண்டே இழுத்தார், அவள் விடவில்லை, கூட்டம் சிரித்தது. "அம்மாவுக்குப் பொன்னாடை மேல அவ்ளோ ஆசை" என்று மைக்கில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் குழந்தை வீறிட்டது. லோகேஷ் அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அந்தத் துணியை எடுத்தான். மடித்து அலமாரியில் வைத்தான், பத்திரமாக.

அத்தை வந்த மறுவருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் நேத்ரா வழக்கம்போலக் குழந்தையைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் போட்டாள். குழந்தை உருண்டு தரையில் விழுந்தது. அத்தையின் கைகள் அதைப் பிடிக்கவில்லை. அவள் எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து தெருக்காரர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு அப்படியே சில்லென்று இருந்தது. சொல்லப்போனால் கூடம் அன்று வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்று அவர்களில் ஒருவர் பிறகு சொன்னார்.

ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை. அவளை நடுக்கூடத்திலேயே பெஞ்சில் கிடத்தினார்கள். எட்டத்திலிருந்து எல்லாம் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அவள் உயிரோடு இருந்தபோது வராதவர்களும் வந்தார்கள், வந்தவர்கள் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. அழுகை முடிந்த பிறகும் அவளை ஒட்டியே உட்கார்ந்து சொத்து விஷயம், வரன் விஷயம் எல்லாம் பேசினார்கள். மறுநாளும் இருந்தார்கள். வழக்கப்படி ஒவ்வொருவரும் கோடித்துணி கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினார்கள். பட்டு, கைத்தறி, பாலியஸ்டர், ஒன்றன்மேல் ஒன்றாக அவள் முகம் தெரியாத உயரத்துக்குத் துணி ஏறியது. லோகேஷ் கடைசியாக அலமாரியைத் திறந்து அந்தப் பொன்னாடையைக் கொண்டுவந்து போட்டான். போர்த்துவதற்கு இனி எந்தத் தடையும் இல்லை.

பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அவளை எடுத்துப் போனபோது ஊரே பின்னால் வந்தது. பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை என்ற வழக்கத்தையும் அன்று யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் அத்தை போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. நேத்ரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், குழந்தை வழிநெடுக அழுதது. மொட்டையடித்து, ஈரவேட்டியோடு, லோகேஷ் கொள்ளிச்சட்டியைத் தூக்கி நடந்தான். சுடுகாட்டு மரநிழலில் வறட்டி அடுக்கி, கட்டை அடுக்கி, கோடித்துணிகளையெல்லாம் எடுத்துவிட்டு, வாய்க்கரிசி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவனும் திரும்பிப் பார்க்காமல் வாசல் கேட்வரை போய்விட்டான்.

"லோகேஷ் சார்" என்று சுடுகாட்டில் வேலை பார்க்கும் முருகவேல் பின்னாலிருந்து கூப்பிட்டான். "திரும்பிப் பாக்க வாணாம். அப்படியே பின்னாலயே நடந்து வாங்க."

அவன் பின்பக்கமாகவே நடந்து வந்தான். நெருப்பு பிடிக்கவில்லை. வறட்டியில் வைத்த தீ அத்தையின் பக்கம் போனதும் அணைந்தது. நெய் ஊற்றினார்கள், அணைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், புகைந்து அணைந்தது. அடுக்கிய கட்டைகள் பனியில் நனைந்தது போல ஈரமாக இருந்தன. அதற்குள் ஊர்ச் சனம் சிதையைச் சுற்றி நெருங்கி நின்றுகொண்டது. துக்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சுகமாக இருந்தது. ஒருவர் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"வெயிலே காட்டாம வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டான் முருகவேல்.

லோகேஷ் ஈரவேட்டியின் முனையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"அப்படி வெச்சிருந்தவங்களுக்கெல்லாம் இதே ரோதனைதான் சார். போன வாரம்கூட ஒண்ணு. எடுத்து வெயில்ல காயப் போடணும், வேற வழியே இல்ல. சாயங்காலம் புடிச்சுக்கும்."

ஆகவே ஹேமலதா அத்தையைச் சிதையிலிருந்து இறக்கி, ஆற்று மணலில், வெட்டவெளியில், உச்சிவெயிலில் கிடத்தினார்கள். நிழல் விழாதபடி முருகவேல் அங்கிருந்த வேலிக்காத்தான் கிளையைக்கூட வெட்டினான். வெயில் பட்டதும் சுற்றிலும் இருந்த குளிர்ச்சி போய்விட்டது, கூட்டம் கலைந்து தகரக் கொட்டகைக்குள் ஓடியது. ஊரே காத்திருந்தது, அவள் சூடாவதற்காக. ஒரு மணி நேரம் கேட்டவளுக்கு ஒரு மத்தியானம் முழுக்கக் கிடைத்தது. முருகவேல் அவ்வப்போது வந்து, புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

லோகேஷ் மட்டும் கொட்டகைக்குப் போகவில்லை. மொட்டைத் தலையோடு அத்தையின் பக்கத்தில் வெயிலில் நின்றான். போகப்போக உட்கார்ந்தான். கால்களை நீட்டினான். வளர்த்த பாசம் விடுமா என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள், இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வெயில் அவனுக்கு இதமாக இருந்தது. முதுகில் யாரோ தேய்த்துவிடுவது போல இருந்தது. துக்கத்தில் உடம்பு மரத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வாரமாகவே அவனுக்கு விரல் நுனிகளில் ஒரு மரப்பு இருந்தது. வருகிற தையில் அவனுக்கு அறுபதாம் கல்யாண வயது.

அத்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது, தன்னைப் புடவைக்குள் சுற்றிக்கொண்ட காலத்தில் இருந்த அதே சூடு. "அத்த" என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக, வாய் கோணி அழுதான். அவள் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம்!

சாயங்காலம் தீ ஒரே குச்சியில் பிடித்தது. அத்தை குளிர்ந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து எரிந்தாள், ஒரு பனை உயரத்துக்கு. அந்தச் சூட்டில் நேத்ராவின் குழந்தை அழுதழுது நீலம் பாரித்துவிட்டது. தலையைத் தூக்க முடியாமல் அதன் கழுத்து தொங்கியது. கொட்டகையில் அதைக் கைமாற்றிக் கைமாற்றி விசிறினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், நேத்ரா பைத்தியம் பிடித்தவள் போல அங்குமிங்கும் ஓடினாள். ஊரிலிருந்த வயதானவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள், சுடுகாட்டுக்கு அவர்களை யாரும் கூட்டிவரவில்லை. கடைசியில் அவள் "அப்பா, நீயாச்சும் கொஞ்சம் வாங்கிக்கயேன்" என்று குழந்தையை லோகேஷின் வெற்று மார்பில் போட்டாள்.

குழந்தை ஒரு தடவை விசும்பியது. பிறகு அவன் மார்பில் கன்னத்தை வைத்து அழுத்தியது. வாயைத் திறந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டு, தூங்கிவிட்டது.

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. நேத்ரா மெல்ல அவன் கையைத் தொட்டாள், பிறகு தோளை, பிறகு கன்னத்தை. அவள் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது! "அப்பா" என்று கத்தினாள். "வந்துருச்சுப்பா! உனக்கு வந்துருச்சு!" அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. சனம் எழுந்து ஓடி வந்தது. ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் "அறுபதுக்கு முன்னாடியே வந்துருச்சே, புதுசா வர்றப்ப வெயிலுக்கும் அடங்காது, நல்ல உடம்பு" என்றார். கேபிள்காரன் அங்கேயே மணலில் விழுந்து அவன் பாதத்தில் கன்னத்தை வைத்தான். யாரோ அவன் தோளில் கிடந்த துண்டை, வேர்க்குமே என்று அக்கறையாக எடுத்துவிட்டார்கள். துண்டு போனதும் அவனுக்கு எலும்புக்குள் ஏதோ ஒன்று சில்லென்று இறங்கியது. மார்பிலிருந்த குழந்தையை அவன் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். அந்தச் சூடு வயிற்றுக்கு இறங்கி, விலாவுக்கு ஏறி, தோளுக்கு வருகிற சமயத்தில் நேத்ரா கை நீட்டினாள்.

"போதும்ப்பா, குடு. சளி புடிச்சிடும்."

கொடுத்தான். மேற்கே ஆற்று மணலில், அத்தையைக் கிடத்தியிருந்த இடத்தில், இன்னும் கொஞ்சம் வெயில் பாக்கி இருந்தது. அவள் படுத்திருந்த தடம்கூட அப்படியே இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டான்.

நேத்ரா குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் அப்பாவின் கையைக் கோத்துப் பிடித்தாள். எவ்வளவு அன்பாகப் பிடித்தாள் என்பதை அங்கே இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"வீட்ல கூடம் சும்மா கெடக்குதுப்பா, வா போலாம்" என்றாள். "வெயில்ல ஒக்கார்றதெல்லாம் கத்திரி முடியட்டும்."